மூன்றாவது கியர் சாகும் இடம்

எங்கள் மலையூர் கோலா தெர்லாவில் பக்கிரிசாமியைத் தெரியாதவர் யாராவது இருந்தால் அது அவர்கள் குற்றம். தன்னைத் தெரியப்படுத்திக்கொள்ள மனிதர் எடுக்காத சிரமம் கிடையாது. முட்டைகோஸ் மொத்த வியாபாரக் கொட்டகைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை அவருடையது. அதன் நெற்றியில் ‘பக்கிரி பவர்’ என்று சிவப்பு எழுத்து. உரமூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப் பாத்திகளுக்கு ஏறும் நாலு சக்கர மோட்டார்களும், சுற்றுலாக்காரர்களைத் தேயிலைச் சரிவுகளில் உலுக்கி எடுக்கும் நாலு சக்கர மோட்டார்களும் சீக்கு வந்தால் அங்கேதான் வந்து படுக்கும். ஊரில் அவற்றை ஏடிவி என்பார்கள்.

வேலை தெரியாதவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். இந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில் ஓடப் பழகிய எஞ்சின் இங்கே ஏறி வந்ததும் பெட்ரோல் அதிகமாகி இருமும், கறுப்பாகப் புகை விடும். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட் என்ற பித்தளைத் துண்டைக் கழற்றிவிட்டு, அதைவிடச் சின்னத் துளை உள்ளதாக ஒன்றைப் போட்டால் இருமல் நின்றுவிடும். பக்கிரிசாமி இதை நன்றாகவே செய்வார். செய்து முடித்ததும், செத்தவனை எழுப்பி உட்காரவைத்தவர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு நிற்பாரே, அதைத்தான் சகிக்க முடியாது.

எஞ்சினைச் சரி செய்தால் போதுமா, பலம் எவ்வளவு கூடியது என்று அளக்க வேண்டாமா? ஈப்போவில் அதற்கு மிஷின் இருக்கிறது. பக்கிரிசாமிக்கு மிஷின் எதற்கு, அவரிடம் மலை இருந்தது. எஸ்டேட்டுக்குள்ளே பாலத்தில் ஆரம்பித்து, கொழுந்து நிறுக்கும் கொட்டகை வரைக்கும் ஒரே ஏற்றமாகப் போகும் மண்சாலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. எஸ்டேட் கணக்கரான கிராணியும் கண்டுகொள்ள மாட்டார், அவர் மோட்டாரும் பக்கிரிசாமியிடம்தான் வந்தாக வேண்டும். பாலத்திலேயே மூன்றாவது கியரைப் போட்டு விசையை முழுக்க அமுக்கிவிட வேண்டும். அப்புறம் கியரை இறக்கக் கூடாது. ஏற ஏற எஞ்சின் திணறும், முனகும், ஓரிடத்தில் உயிரை விடும். அந்த இடம்தான் அதன் பலம். ‘மூணாவது கியர் சாவுற இடம்’ என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். முதலில் தண்ணீர்க் குழாய், அதற்கு மேலே முனியாண்டி கோயில், அப்புறம் ஒற்றை யூகலிப்டஸ் மரம், உச்சியில் கொட்டகை. குழாயடியில் செத்தால் கழுதை, மரத்தடிக்குப் போனால் குதிரை.

ஆனால் அளக்க வேண்டுமென்றால் பாரம் வேண்டும். அதுவும் கூடாமல் குறையாமல் ஒரே அளவாக இருக்கிற பாரம். பக்கிரிசாமி ரொம்பவும் யோசித்தார். உரமூட்டை மழையில் நனைந்தால் கனம் கூடிவிடும். கோஸ் கூடை வாடினால் குறைந்துவிடும். இரண்டுமே வளைவில் சரிந்து விழுந்துவிடும். கடைசியில் மாறாத பாரம் ஒன்று வீட்டிலேயே இருப்பது அவர் புத்திக்கு எட்டியது. அதற்குப் பெயர் பாஞ்சாலை. அவரோடு இருபத்தேழு வருஷமாகக் குடித்தனம் செய்கிறவள். வளைவு வந்தால் தானாகவே சாய்ந்து கொடுப்பாள்.

கோஸ் நிறுக்கிற தராசில் அவளை ஏற்றி நிறுத்தி, வியாபாரிகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, எழுபத்து நாலு கிலோ என்று உரக்கப் படித்தார். அதோடு விட்டாரா? பட்டறைச் சுவரில் சிவப்புச் சாயத்தில் ‘பாஞ்சாலை – 74’ என்று எழுதியும் வைத்தார்.

“எரும மாட்டுக்குக்கூட இப்டி நம்பர் போட மாட்டாங்க. அழிங்க அத” என்றாள் பாஞ்சாலை.

“ஏய், இது சயின்ஸ்லா. ஒனக்குப் புரியாது.”

பாஞ்சாலை பூந்தோட்டத்தில் செவ்வந்தி தரம் பிரிக்கிறவள். வாரம் முழுவதும் குனிந்தே கிடக்கிறவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை தேயிலைக் காற்றில் வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு சவாரி. எண்ணை எழுதியதற்காகத் திட்டினாளே தவிர, சவாரிக்கு ஒரு நாளும் வர மாட்டேன் என்று சொன்னதில்லை.

இந்தச் சமயத்தில்தான் பக்கிரிசாமி சிவப்பு ஏடிவி ஒன்றைக் காயலான் விலைக்கு வாங்கினார். ஏதோ ஒரு தங்கும் விடுதியில் பயணிகள் பள்ளத்தில் தள்ளிவிட்ட வண்டி. ஜெட்டை மாற்றினார், புகைக்குழாயை மாற்றினார், காற்று வடிகட்டியின் மூடியில் ஓட்டை போட்டார். முதல் ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது கியர் குழாயடியில் செத்தது. கொஞ்ச நாள் கழித்து முனியாண்டியின் வாசல் வரைக்கும் போனது. இன்னும் கொஞ்ச நாளில் முனியாண்டியைத் தாண்டிப் போனபோது பக்கிரிசாமிக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் உமர் கடைக்குப் போய், நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயை உறிஞ்சிக்கொண்டே கதை அளப்பார். உமர் அதே இடத்தில் இருபது வருஷமாகக் கடை நடத்துகிறவர், எந்தப் புளுகையும் கல்லாவில் இருந்தபடியே கேட்டுக்கொள்வார்.

“ஒன்னுமே மாத்தல உமரு. போன மாசம் தொட்டதுதான். அதுவா ஏறுது. எஞ்சின் என் கைக்குப் பழகிருச்சு.”

“எஞ்சினு தேய்ஞ்சா பவர் கொறையத்தான செய்யும்ணே?”

“மத்தவன் கைக்குக் கொறையும்.”

கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். முனியாண்டிக்குச் சுருட்டு வைத்தாரே, அதுதான் என்றார் ஒருவர். புதுப் பெட்ரோல் நல்லது என்றார் இன்னொருவர். பக்கிரிசாமி எல்லாவற்றுக்கும் சிரித்துவிட்டு, தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

வீட்டில் வேறொரு அதிசயம் நடந்துகொண்டிருந்தது. பாஞ்சாலையின் ரவிக்கைகளில் ஊக்குகள் பெருகிக்கொண்டே போயின. தண்ணீர் குடித்தால் செம்பு செம்பாகக் குடித்தாள். தரம் பிரிக்கும் மேசையில் நின்றால் கால் மரத்துப்போகிறது என்றாள்.

“ஏங்க, ஒடம்பு என்னமோ மாதிரி இருக்குங்க. தாகம் அடங்கவே மாட்டேங்குது.”

“எஞ்சின் சூடானா தண்ணி கேக்கும். ரேடியேட்டர் ஒழுங்கா வேல செய்யுதுனு அர்த்தம்.”

“காலு மரத்துப் போவுதுங்க.”

“அது வண்டி அதிர்வு. இந்த வாரம் இன்னும் கொஞ்சம் ட்யூன் பண்ணிடுறேன்.”

எல்லா நோய்க்கும் அவரிடம் ஒரு திருப்புளி இருந்தது. நியாயமாகப் பார்த்தால் அவரை மட்டும் திட்டக் கூடாது. ஊரே கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தது. பூந்தோட்டத்துப் பெண்கள், “என்னாக்கா, சிலிம்மாயிட்டீங்க, குமரி மாதிரி இருக்கீங்க” என்று அவள் இடுப்பைச் சுற்றிப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். இதைக் கேட்டு மூக்கில் வியர்த்து ஓடி வந்தவள் அம்சவல்லி. உடம்பு இளைக்கும் மூலிகைத் தூள் விற்கிறவள். தன் கீழே ஆள் சேர்த்து, அந்த ஆளின் கீழே ஆள் சேர்த்து, ஊரில் பாதிப் பேரை உறவாக்கி வைத்திருந்தாள். போன தீபாவளிக்குப் பாஞ்சாலையின் தலையிலும் ஒரு பொட்டலம் கட்டியிருந்தாள்.

“அக்கா, நம்ம தூளுதான் இது! சும்மா நில்லுங்க, ஒரு போட்டோ” என்று எடுத்து, பழைய கல்யாண விருந்துப் படம் ஒன்றையும் தேடிப் பிடித்து, முன், பின் என்று ஒட்டிக் கைப்பேசியில் ஊரெல்லாம் அனுப்பிவிட்டாள்.

பாஞ்சாலை அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் அது அப்படியே கிடந்தது. அதைச் சொல்லியும் பார்த்தாள். “வீட்டுல இருந்தாலே வேல செய்யும்க்கா” என்றாள் அம்சவல்லி. ஐம்பது வயதில் முதல் தடவையாக நாலு பேர் தன்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதில் பாஞ்சாலைக்கும் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. அதனால் அவளும் பேசாமல் இருந்துவிட்டாள்.

சிவப்பு வண்டி யூகலிப்டஸ் மரத்தைத் தொட்ட ஞாயிற்றுக்கிழமை, சேதி திருமாறன் காதுக்கு எட்டியது. கம்போங் ராஜாவில் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகை ஏடிவி விடுகிற தவுக்கே, அதாவது முதலாளி, அவன். வயதில் சின்னவன், கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு அலைகிறவன்.

“அண்ணே, என்கிட்ட இருக்குற எல்லா வண்டியும் ஒங்க கையிலயே குடுத்துடுறேன். ஆனா வர்ற டூரிஸ்ட்டு ஹார்ஸ்பவர் எவ்ளோனு கேக்குறான். யூகலிப்டஸ் மரம்னு நா சொல்ல முடியுமா? ஈப்போவுல டைனோ இருக்கு. ஒரு பேப்பர் எடுத்துட்டு வாங்க. போதும்லா.”

பக்கிரிசாமி மார்தட்டினார். “இருவத்தஞ்சு குதிர இருக்கும். எழுதி வெச்சுக்க.”

வண்டியை லோரியில் ஏற்றிக்கொண்டு இருவரும் மலையிறங்கினார்கள். பாஞ்சாலையும் கூட வந்தாள். வளையல்கள் முழங்கை வரைக்கும் ஏறி இறங்குகின்றன, ஈப்போ கடையில் சின்ன அளவாக மாற்ற வேண்டும் என்றாள். வழியில் மூன்று இடத்தில் லோரியை நிறுத்தச் சொன்னாள். மூன்றாவது தடவை பக்கிரிசாமி, “ஒழுகுற டேங்க்கா நீ?” என்று எரிந்து விழுந்தார். அதை நினைத்துப் பிற்பாடு அவர் எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டார் என்று சொல்லி மாளாது.

டைனோ என்பது ஒன்றுமில்லை. தரையில் பதித்த ஓர் இரும்பு உருளை. வண்டியைக் கட்டிப்போட்டு, பின்சக்கரத்தை அந்த உருளையின் மேல் ஓடவிட்டால், எத்தனை வேகமாக உருளையைச் சுழற்றுகிறதோ அதை வைத்துக் கணினி பலத்தைச் சொல்லும். அதை நடத்துகிறவன் கோகிலன் என்ற இளைஞன். மரியாதை தெரிந்தவன். மலைக்கென்று போட்ட சின்ன ஜெட்டோடு இங்கே ஓட்டினால் எஞ்சின் பெட்ரோல் பற்றாமல் காய்ந்துவிடும் என்று தானாகவே பெரிய ஜெட்டை மாட்டி, நியாயமாகத்தான் ஓட்டினான். வண்டி அலறியது. திரையில் கோடு ஏறி, வளைந்து, இறங்கியது.

“பதினாறு, அங்கிள்.”

“என்னா பதினாறு?”

“குதிர சக்தி. இந்த மாடல் புதுசாவே இவ்ளோதான் குடுக்கும். நல்லா வெச்சிருக்கீங்க.”

நல்லா வெச்சிருக்கீங்க! பக்கிரிசாமியின் மூக்கு அங்கேயே உடைந்தது. மறுபடியும் ஓட்டச் சொன்னார். பதினாறு. டயரில் காற்றைக் கூட்டச் சொன்னார். அப்போதும் பதினாறு. உருளை துருப்பிடித்திருக்கிறது என்றார், கணினியில் கோளாறு என்றார், ஈப்போ வெக்கையே எஞ்சினுக்கு ஆகாது என்றார். பக்கத்தில் நின்ற திருமாறன் தலையிலிருந்த கண்ணாடியை மெதுவாகக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டான்.

“தம்பி, எட்டு மாசத்துக்கு முன்னாடி கொழாயடியில செத்த கியரு, இன்னிக்கு மரத்தத் தொடுது. பவர் கூடாம எப்டி ஏறும்? சொல்லு!”

கோகிலன் யோசித்தான். “ஒரே ரோடா, அங்கிள்?”

“ஒரே ரோடு.”

“ஒரே கியரா?”

“ஒரே கியரு.”

“அப்ப லோடு கொறஞ்சிருக்கணும்.”

பக்கிரிசாமி வாய்விட்டுச் சிரித்தார். “லோடு என் பொண்டாட்டிடா. அது எங்க கொறையப் போவுது!” என்று சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் கையை நீட்டினார்.

வாசலில் பாஞ்சாலை நின்றுகொண்டிருந்தாள். கடைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கையில் புது வளையல்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற அளவு. இன்னொரு கையில் தண்ணீர்ப் போத்தல், அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு தெரிந்தன. வாரா வாரம் அவருக்கு முதுகுப் பின்னாலேயே உட்கார்ந்து வந்தவள். முன்னால் நிறுத்தி அவர் பார்த்து எத்தனை நாளாயிற்று! நீட்டிய கை அப்படியே நின்றது. சிரிப்பு மட்டும் வாயிலேயே கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி மலையேறும்போது பதினாறு குதிரை பக்கிரிசாமியின் மனத்தில் இல்லை. பக்கத்தில் பாஞ்சாலை தூங்கிக்கொண்டு வந்தாள். சீட் பெல்ட்டுக்கும் அவள் உடம்புக்கும் நடுவே இடம் கிடந்தது. இந்தத் தடவை அவள் கேட்பதற்கு முன்னாலேயே இரண்டு இடத்தில் லோரியை நிறுத்தினார்.

கோலா தெர்லாவுக்கு வந்ததும் பட்டறைக்குள் போகாமல் கோஸ் கொட்டகைக்குப் போனார். தராசின் மேலிருந்த கூடைகளைத் தானே இறக்கி வைத்தார்.

“ஏறு பாஞ்சா.”

“மறுபடியுமா? ஆளுங்க பாக்குறாங்க.”

“ஏறும்மா.”

இருபத்தேழு வருஷத்தில் அவர் அவளை ‘அம்மா’ போட்டுக் கூப்பிட்டதில்லை. அந்தப் பயத்திலேயே அவள் ஏறிவிட்டாள். முள் ஐம்பத்து மூன்றில் நின்றது. பக்கிரிசாமி தராசைத் தட்டிப் பார்த்தார். ஈப்போ மிஷினைக் குற்றம் சொன்ன வாய் இந்தத் தராசையும் குற்றம் சொல்லத் தவித்தது. முள் அசையவில்லை. எதிரே பட்டறைச் சுவரில் அவர் கைப்பட எழுதிய எழுபத்து நாலு சிவப்பாகச் சிரித்தது. ஒரு கூடைக் கோஸ் அளவுக்குப் பெண்டாட்டி காணாமல் போயிருக்கிறாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாக அவளை அந்தச் சாலையில் தொலைத்துவிட்டு, கீழே இறங்கி வந்து தன் கையைத் தானே மெச்சிக்கொண்டிருந்திருக்கிறார். கோஸ் கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். அந்தச் சின்ன மிஷின் எண்ணைக் காட்டவே மறுத்து, அளவுக்கு மேல் என்று மட்டும் சொன்னது. இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய். இன்னும் சில வாரம் விட்டிருந்தால் நினைவு தப்பிக் கிடந்திருப்பாள் என்றார் டாக்டர். அன்றைக்கே படுக்கையில் சேர்த்தார்கள். நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி ஊசியைப் போட்டுவிட்டுப் பக்கிரிசாமியை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஒரே வீட்டுலதான இருக்கீங்க? ஆளு இப்டி எளச்சது கண்ணுக்குத் தெரியலியா?”

படுக்கையில் கிடந்த பாஞ்சாலைதான், “அவருக்கு முன்னாடி பாத்து ஓட்டணும்ல மிஸ்ஸி, பின்னாடி எப்டித் தெரியும்?” என்றாள். அது பரிந்து பேசியதா குத்திப் பேசியதா என்று பக்கிரிசாமிக்கு இன்றுவரை விளங்கவில்லை. இரண்டும்தான் என்பது என் கட்சி.

வீட்டுக்கு வந்ததும் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அம்சவல்லியிடம் சண்டைக்குப் போனார். “சாவக் கெடந்தவ படத்தப் போட்டு யாவாரம் பண்றியா நீ?” என்று தெருவே கேட்கக் கத்தினார். அம்சவல்லி கொஞ்சமும் அசரவில்லை. “நா படந்தான் போட்டேன்ணே. நீங்க அக்காவ வெச்சே பவர் பேப்பர் எடுக்கப் போனீங்கல்ல?” என்றாள். பக்கிரிசாமி பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு வந்த வழியே திரும்பினார். சில நாள் உமர் கடைப் பக்கமே அவர் தலை தெரியவில்லை. திருமாறன் தன் வண்டிகளை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டான்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் பாஞ்சாலையே கேட்டாள். “ஞாயித்துக்கெழம வண்டி எடுக்கலியா?”

எடுத்தார். மூன்றாவது கியர் முன்பு செத்த அதே யூகலிப்டஸ் மரத்தடியில் செத்தது. அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கினார். ஊசியும் பத்தியச் சாப்பாடுமாக வாரங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி மரத்துக்குப் போகாமலே கீழே திணறி நின்றது. பக்கிரிசாமி இறங்கி மரத்துக்கும் வண்டிக்கும் நடுவே கிடந்த தூரத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார், ஆற அமர, முகத்துக்கு நேராக. அன்றைக்கு அவர் உமர் கடைக்குள் நுழைந்த வேகத்தைப் பார்த்து ஏதோ லாட்டரி விழுந்துவிட்டது என்றே நினைத்தார்கள்.

“உமரு, வண்டிக்குப் பவர் போச்சுலா! மரத்தத் தொட முடியல!”

“அதுக்கா இம்புட்டுச் சந்தோசம்?”

“எல்லாருக்கும் தே தாரிக் போடு. என் கணக்குல.”

அதற்குப் பிறகு எஞ்சின் நாளுக்கு நாள் நாசமாய்ப் போய்க்கொண்டிருந்தது. முனியாண்டியை எட்டக்கூட முடியாமல் மூச்சு வாங்கியது. பக்கிரிசாமி போகிற இடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். விஷயம் புரியாத திருமாறன், “பாவம், அண்ணனுக்குக் கை விட்டுப்போச்சு” என்று நிஜமாகவே வருத்தப்பட்டான். பட்டறைக்கு வரும் வண்டிகளும் கொஞ்சம் குறைந்தன.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாலத்தில் மூன்றாவது கியரைப் போட்டு விசையை அமுக்கினார். சிவப்பு வண்டி உறுமிக்கொண்டு கிளம்பி, கொஞ்ச தூரத்திலேயே முனகி, தண்ணீர்க் குழாய்க்கு நேராக ஒரு தடவை உலுக்கிவிட்டு அணைந்தது. தேயிலைச் சரிவு முழுக்க அமைதியாக இருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. பாஞ்சாலைக்குத் தாகம் எடுக்கவில்லை.

“கொழாயடியிலயே செத்துருச்சு. கழுதனு சொல்வீங்களே, அதானே இது?” என்றாள் பின்னாலிருந்து.

பக்கிரிசாமி திரும்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ள எண்ணெய்க் கையைத் தவிர வேறு எதுவும் அவரிடம் இல்லை.

“கழுததான்” என்றார். “கெட்டியாப் புடிச்சுக்க. அடுத்த வாரம் இதுவரைக்கும்கூட ஏறாது.”